டொராண்டோ குளிரில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எதைப் பின்னலாம், எதைக் கடையில் வாங்க வேண்டும்?

பின்னால் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு 18 மாதம். டொராண்டோவில் இது முதல் குளிர்காலம். பள்ளித் தையல் வகுப்பில் கற்ற குரோஷாவும் (கொக்கி ஊசிப் பின்னல்) கொஞ்சம் நிட்டிங்கும் (இரட்டை ஊசிப் பின்னல்) தெரியும். ஊரிலிருந்து அம்மா ஒரு பை நிறைய அக்ரிலிக் நூல் அனுப்பியிருக்கிறார். கடையில் குளிர் உடுப்புகளின் விலையைப் பார்த்து மலைத்துப்போய், "எல்லாவற்றையும் நானே பின்னிவிடலாமா, ஸ்வெட்டரில் தொடங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கையால் பின்னியது அந்தக் குளிரைத் தாங்குமா என்பது ஒன்று. குழந்தை தூங்கும் நேரத்தில் மட்டும் ஊசியைத் தொட முடிகிறவர் எதைப் பனிக்காலத்துக்குள் முடிக்க முடியும் என்பது மற்றது. தனியாக அணிந்தால் தாங்காது என்பதே முதல் கேள்விக்குப் பதில். இரண்டாவதற்கு: தொப்பி, நெக் வார்மர் (கழுத்தை மூடும் வளையப் பட்டை), மிட்டன் (விரல் பிரியாத கையுறை) இந்த வரிசையில் போங்கள். ஸ்வெட்டரைக் கடைசியில் வையுங்கள், அதுவும் அடுத்த அளவில்.

பின்னல் என்பது கண்ணிகளால் ஆன வலை. கண்ணிகளுக்குள் தேங்கி நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. எதிர்க்காற்று அடித்தால் அந்தக் காற்று வெளியேறிவிடும், பனியில் உட்கார்ந்து எழுந்தால் நூல் நனைந்துவிடும். அதனால் கையால் பின்னியது எப்போதும் நடு அடுக்கு. உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்ளுடுப்பு ஒன்று, அதன் மேல் பின்னல் அல்லது ஃபிளீஸ், வெளியே காற்றும் ஈரமும் புகாத ஸ்னோசூட். உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாமல் குளிரைப் பிடித்துக்கொள்ளும். ஸ்னோசூட், நீர் புகாத வெளி மிட்டன், பூட்ஸ் மூன்றையும் வாங்கித்தான் ஆகவேண்டும். இந்த வயதுக் குழந்தைகள் ஒரு பருவத்தில் வளர்ந்துவிடுவதால், அதிகம் தேயாத பழைய ஸ்னோசூட்டுகள் கைமாற்றாகக் கிடைக்கும். புதிது வாங்கியே தீரவேண்டும் என்பதில்லை. காற்றோடு சேர்த்துக் கணக்கிட்ட குளிர் மைனஸ் 27 டிகிரி அல்லது அதற்குக் கீழே போனால் குழந்தைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்கிறது கனடியக் குழந்தை மருத்துவர் சங்கம். அந்த அளவில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துவிடலாம். அன்றைக்கு எத்தனை கம்பளி போட்டாலும் பூங்கா வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்ன பின்னுவது என்பதையே அது மாற்றும். கார் இருக்கையில் பெல்ட்டுக்கு அடியில் தடித்த எதுவும் இருக்கக் கூடாது. மோதலின்போது துணிக்குள் இருக்கும் காற்று நசுங்கி, இறுகியிருந்ததாகத் தெரிந்த பெல்ட் தளர்ந்துவிடும். சோதிப்பது எளிது. உடுப்போடு உட்காரவைத்துப் பெல்ட்டை இறுக்குங்கள். பெல்ட்டின் நீளத்தை மாற்றாமல் குழந்தையை வெளியே எடுத்து, உடுப்பைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுங்கள். தோள் பக்கம் பெல்ட்டை இரண்டு விரலால் கிள்ளி மடிக்க முடிந்தால் அந்த உடுப்பு காருக்கு ஆகாது. ஸ்னோசூட் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்கும். தடித்த நூலில் பின்னிய ஸ்வெட்டரும் தோற்கும். டி.கே. எனப்படும் சற்று மெல்லிய நூலில் பின்னிய ஸ்வெட்டர் தேறிவிடும். பெல்ட்டைப் போட்ட பிறகு மேலே ஒரு போர்வை போர்த்தினால் போதும். ஆகவே சீக்கிரம் முடியும் என்று தடித்த நூலைத் தேட வேண்டாம்.

இனி நூல். அக்ரிலிக் மட்டம் என்று இங்கே சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். அதைப் பொருட்படுத்த வேண்டாம். காய்ந்திருக்கும்வரை அது நன்றாகவே சூடு காக்கும், மெஷினில் போடலாம், தோலைக் குத்தாது. ஆனால் நனைந்தால் கம்பளி தாக்குப்பிடிக்கிற அளவுக்கு அது தாக்குப்பிடிக்காது. கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது. நெருப்பு இன்னொரு வித்தியாசம். அக்ரிலிக் உருகித் தோலோடு ஒட்டும். கம்பளி எளிதில் பற்றாது, பற்றினாலும் கருகி அணையப் பார்க்கும். அதனால் அம்மா அனுப்பிய நூலைத் தொப்பிக்கும் வீட்டுக்குள் போடும் கையில்லா ஸ்வெட்டருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மிட்டனுக்கும் கழுத்துக்கும் மட்டும் சூப்பர்வாஷ் மெரினோ (ஒருவகைச் செம்மறியின் மென்மையான கம்பளி) 50 கிராம் உருண்டை இரண்டு வாங்குங்கள். கம்பளி இழையின் மேற்பரப்பில் உள்ள செதில்களை வேதிமுறையில் மழுக்கி, மெல்லிய பூச்சு கொடுத்தால் அது சூப்பர்வாஷ், மெஷினில் சுருங்காது. சாதாரணக் கம்பளி என்றால் சூடு, சோப்பு, உரசல் மூன்றும் சேர்ந்ததும் செதில்கள் ஒன்றையொன்று கவ்வி, பொம்மைக்குத்தான் போடலாம் என்கிற அளவுக்குச் சுருங்கும். நியூ பிரன்ஸ்விக்கின் பிரிக்ஸ் அண்ட் லிட்டில் போன்ற பழைய ஆலைகளின் நூல் உறுதியானது, பெரியவர்களின் ஸ்வெட்டருக்கு அருமையானது. குழந்தையின் கழுத்தில் அதைச் சுற்றினால் குத்தும்.

குத்துவது ஒவ்வாமையா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. பெரும்பாலும் இல்லை. 30 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மேல் தடித்த இழையின் முனைகள் தோலில் வளையாமல் குத்தி நிற்பதால் வரும் அரிப்பு அது. 19 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள மெரினோ குத்தாது. கன்னத்தில் வைத்துப் பார்ப்பதைவிடக் கழுத்துக்கு உள்ளே பத்து நிமிடம் செருகி வைத்துப் பாருங்கள். ஆனால் குழந்தைக்கு எக்ஸிமா இருந்தால் இந்தப் பொது விதி செல்லாது. மென்மையான மெரினோ சிலருக்கு ஒத்துக்கொள்கிறது, சிலருக்கு இல்லை. அதை முடிவு செய்யவேண்டியவர் குழந்தையைப் பார்த்த மருத்துவர்; இணையத்தில் பதில் எழுதுகிறவர் இல்லை.

ஊசியின் எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊரில் புழங்குவது பழைய பிரிட்டிஷ் எண். அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. இங்கே கடையில் இருப்பது அமெரிக்க எண். அதில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும்: 8 என்றால் 5 மி.மீ., 10 என்றால் 6 மி.மீ. எண்ணை மறந்து மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். குரோஷாவிலும் இதே சிக்கல். அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் குரோஷே என்பதுதான் பிரிட்டிஷ் குறிப்பில் டபுள் குரோஷே. எந்த நாட்டுக் குறிப்பு என்று பார்க்காமல் தொடங்கினால் தொப்பி இரண்டு மடங்கு உயரத்தில் வந்து நிற்கும். நூலைப் பொறுத்தவரை "நாலு பிளை", "எட்டு பிளை" என்ற பேச்சை நம்பாதீர்கள். எத்தனை இழையை முறுக்கினார்கள் என்பது தடிமனைச் சொல்லாது. லேபிளில் 10 செ.மீ.க்கு 21 முதல் 24 கண்ணி என்று இருந்தால் அது டி.கே.; பெரும்பாலும் 4 மி.மீ. ஊசி பொருந்தும். லேபிள் இல்லாவிட்டால் பின்னிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அந்தப் பின்னிப் பார்ப்பதைத்தான் எல்லாரும் தவிர்க்கிறார்கள். 34 கண்ணி ஏற்றி, ஒரு வரி நிட் (நேர்க்கண்ணி), ஒரு வரி பர்ல் (மறுபக்கக் கண்ணி) என 15 செ.மீ. உயரம் பின்னி மூடுங்கள். பிறகு எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே துவைத்துக் காயவைத்து, ஓரத்தை விட்டு நடுவில் 10 செ.மீ.யில் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். சூப்பர்வாஷ் நூல் நனைந்தால் நீளும் என்பதால் துவைக்காத துண்டின் கணக்கு பொய்க்கணக்கு. 22 கண்ணி வரவேண்டிய இடத்தில் 24 வந்தால், 96 கண்ணியில் போட்ட தொப்பியின் சுற்றளவு 40 செ.மீ.யாகக் குறுகிவிடும். 20 வந்தால் 48 செ.மீ. ஆகி, நடக்கும்போது கண்ணை மறைக்கும். இரண்டு கண்ணி வித்தியாசத்துக்கே இந்தப் பாடு. 24 வந்தால் ஊசியைக் கால் மி.மீ. தடிப்பாக்குங்கள், 20 வந்தால் மெலிதாக்குங்கள். கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்ய முயல வேண்டாம், நான்கு வரியில் பழைய கை திரும்பிவிடும்.

தொப்பியை விரிவாகவே சொல்கிறேன். முதலில் புருவத்துக்கு மேலும் காதுக்கு மேலும் டேப்பைச் சுற்றித் தலையை அளங்கள். இந்த வயதில் பெரும்பாலும் 46 முதல் 49 செ.மீ.க்குள் இருக்கும். தொப்பி தலையைவிட 3 முதல் 5 செ.மீ. சிறியதாக இருந்தால்தான் காதோடு ஒட்டி நிற்கும். 48 செ.மீ. தலைக்கு, 10 செ.மீ.க்கு 22 கண்ணி கணக்கில், 96 கண்ணி. 3.5 மி.மீ. ஊசியில் தளர்வாக ஏற்றி, இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று 10 செ.மீ. ரிப் (இழுபடும் வரிப்பின்னல்) பின்னுங்கள், இதில் கீழ் 5 செ.மீ. மேலே மடிந்து காதின் மீது இரட்டை அடுக்காக வரும். 4 மி.மீ. ஊசிக்கு மாறி, வெறும் நிட்டில், ஏற்றிய ஓரத்திலிருந்து மொத்தம் 17 செ.மீ. வரும்வரை போங்கள். பிறகு உச்சிக்குக் குறைப்பு. 10 நிட், அடுத்த இரண்டையும் சேர்த்து ஒரு நிட், இதையே எட்டு முறை செய்தால் 88 கண்ணி மிஞ்சும். ஒரு சுற்று குறைக்காமல் போய், அடுத்த குறைப்பில் 9 நிட்டுக்குப் பிறகு இரண்டைச் சேர்க்கவேண்டும். இப்படி ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் 48 வரை இறங்குங்கள். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து, 8 கண்ணி மிஞ்சியதும் நூலை வெட்டி, தையல் ஊசியில் கோத்து அந்தக் கண்ணிகளுக்குள் விட்டு இழுத்து உள்பக்கம் முடியுங்கள். 48ல் இருந்தே ஒவ்வொரு சுற்றிலும் குறைப்பதுதான் உச்சியை உருண்டையாக்குகிறது. கடைசிவரை ஒன்றுவிட்டு ஒன்று குறைத்தால் கூம்பாக நீளும். அது சிலருக்குப் பிடிக்கும், ஸ்னோசூட்டின் தலைமூடிக்குள் மட்டும் அடங்காது.

சுற்றாகப் பின்ன 40 செ.மீ. வட்ட ஊசி வேண்டும். உச்சியில் கண்ணி குறைந்ததும் அது எட்டாது. நாலைந்து குட்டை ஊசிகளுக்கு மாறவேண்டும், அல்லது தொடக்கத்திலிருந்தே 80 செ.மீ. வட்ட ஊசியின் நீளக் கேபிளை (இரு முனைகளை இணைக்கும் கயிறு) மடித்து மடித்துப் பின்னவேண்டும். இவை இல்லையென்றால் இரண்டு நேர் ஊசியில் 98 கண்ணி ஏற்றிப் பலகை மாதிரிப் பின்னிக் கடைசியில் பின்பக்கம் தைத்துவிடுங்கள். கூடுதல் இரண்டு கண்ணி தையலுக்குள் போய்விடும். மடிக்கும் 5 செ.மீ. பகுதியில் மட்டும் தையலை மறுபக்கமாகப் போடவேண்டும். மறந்தால் மடித்தபின் தையல் தழும்பு நெற்றிப்பட்டையில் வெளியே தெரியும்.

நெக் வார்மருக்குக் கணக்கு சுருக்கம். 4.5 மி.மீ. ஊசியில் 100 கண்ணி, முழுக்க இரண்டு-இரண்டு ரிப், 18 செ.மீ. உயரம். இதில் கெடுவது ஒரே இடம்தான்: மூடும் வரி இறுகிவிடும், தலை நுழையாது, குழந்தை அலறும். மூடும்போது மட்டும் 5.5 மி.மீ. ஊசி எடுங்கள். ஸ்கார்ஃப் பின்ன வேண்டாம். சறுக்குமரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கும். இதே காரணத்துக்காகத்தான் சட்டைக்குள் போகும் கயிற்றில் இரண்டு மிட்டனையும் கோப்பதற்குப் பதில் கிளிப் போடச் சொல்கிறது கனடாவின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா. நம் பக்கம் தொப்பிக்குத் தாடைக்குக் கீழே கட்டும் நாடா வைப்பது வழக்கம், அதையும் விட்டுவிடுங்கள்.

மிட்டனுக்கு 32 கண்ணி. 3.25 மி.மீ. ஊசியில் 8 செ.மீ. ரிப், ஜாக்கெட் கைக்குள் செருகும் இந்தப் பகுதி குட்டையாக இருந்தால் முதல் பனியிலேயே மணிக்கட்டு வெளியே வந்துவிடும். பிறகு 4 மி.மீ.யில் 9 செ.மீ. நேராகப் போய், சுற்றுக்கு நான்கு கண்ணி வீதம் குறைத்து 8 வந்ததும் இழுத்து முடியுங்கள். கட்டைவிரல் வைக்க வேண்டாம். ஒன்றரை வயதுப் பிள்ளை விரலை நீட்டாது, நீங்கள் கதவருகே போராடிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு வயது தாண்டி, தானே மண்வாரியைப் பிடிக்க ஆசைப்படும்போது கட்டைவிரல் அவசியம். பனியில் விளையாடும்போது இதன் மேல் நீர் புகாத மிட்டன் போடவேண்டும். வெறும் கம்பளியில் பனி உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். நியூஃபவுண்ட்லாந்துப் பக்கத்தின் திரம் மிட்டன் என்று ஒன்று உண்டு: சில கண்ணிக்கு ஒருமுறை நூற்காத கம்பளிப் பஞ்சைச் சேர்த்துப் பின்னி, உள்பக்கம் முழுக்கப் பஞ்சு மெத்தையாக்குவது. குளிருக்கு அதை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் பஞ்சைப் பிடுங்கி வாயில் போடும் வயதில் அது வேண்டாம். இரண்டு மூன்று நிறத்தில் பூவேலை செய்த மிட்டனும் சாக்ஸும் இப்போது வேண்டாம். உள்ளே நீளும் தளர்ந்த இழை விரலைச் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும் ஆபத்து உண்மையானது; சொல்லத் தெரியாத குழந்தை வெறுமனே அழும். காரணம் தெரியாமல் அழுதால் கைவிரல், கால்விரலைப் பாருங்கள்.

ஸ்வெட்டர் ஏன் கடைசி? எண்ணிப் பாருங்கள். மேலே சொன்ன தொப்பி கிட்டத்தட்ட 6,000 கண்ணி. நிமிடத்துக்கு 15 கண்ணி போட்டால் ஆறரை மணி நேரம். நாளைக்கு அரைமணி நேரம் கிடைத்தால் இரண்டு வாரம். இரண்டு வயது அளவு ஸ்வெட்டர் 18,000 கண்ணிக்கு மேல். அதே வேகத்தில் நாற்பது நாள், காய்ச்சல் வந்த நாளெல்லாம் கணக்கில் இல்லை. நவம்பர் நடுவில் தொடங்கினால் டிசம்பர் கடைசியில்தான் முடியும். இந்த வேகக்கணக்கு என் ஊகம். உங்கள் கை இரண்டு மடங்கு விரைவாகவும் இருக்கலாம், கண்ணி விழுந்து பிரிப்பதில் பாதி நேரம் போகவும் செய்யலாம். எப்படியானாலும் 18 மாத அளவான 48 செ.மீ. மார்புக்குப் பின்னாதீர்கள். இரண்டு வயது அளவு 53 செ.மீ.; அதோடு 5 செ.மீ. தளர்வு சேர்த்து 128 கண்ணி. முதலில் கையில்லாமல் பின்னுங்கள். இரண்டு கையும் சேர்ந்து மொத்த வேலையில் மூன்றில் ஒரு பங்கை விழுங்குகின்றன, ஸ்னோசூட்டுக்குள் அவைதான் சுருண்டு தொல்லை கொடுக்கும். கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் முறையை எடுத்தால், பிள்ளை வளர்ந்ததும் கீழ் வரியைப் பிரித்து இன்னும் 4 செ.மீ. நீட்டலாம், மார்பைவிட உயரம்தான் வேகமாகக் கூடும். அதற்காக அதே சாயத்தொகுதி எண்ணுள்ள (ஒரே தடவையில் சாயமிட்ட) நூலில் ஒரு உருண்டை மிச்சம் வையுங்கள். டி.கே. நூல் 50 கிராம் உருண்டை நான்கு தேவைப்படும், ஐந்தாவது அந்த மிச்சம்.

குரோஷாதான் கைக்கு வருகிறது என்றால் தொப்பியை அதிலேயே போடலாம். நூல் அதிகம் பிடிக்கும், துணி தடித்து விறைப்பாக வரும், ரிப் அளவுக்கு இழுபடாது. ஆகவே தலையைவிட 2 செ.மீ. மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். மிட்டனுக்கும் கழுத்துக்கும் நிட்டிங்கே மேல். குரோஷாவின் இடைவெளிகளில் காற்று நுழையும்.

குழந்தை விழித்திருக்கும்போது பின்னலாமா என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். அவன் தரையிலும் நீங்கள் சோபாவிலும் என்றால் நேர் ஊசி வேண்டாம், வட்ட ஊசி எடுங்கள். முனைகள் குட்டை, எழுந்து ஓடும்போது கண்ணி கேபிளுக்கு நகர்ந்து தங்கும், ஊசி தனியாகத் தரையில் உருளாது. கண்ணிக் குறியீட்டுக்குப் பிளாஸ்டிக் வளையம் வேண்டாம், வேறு நிற நூலை முடிச்சிட்டு மாட்டுங்கள். வேலை முடிந்ததும் ஜிப் பையில் போட்டு உயரத்தில் தொங்கவிடுங்கள். பின்னிய பொருளிலும் மூன்று வயது வரை பொத்தான், மணி, பாம்பாம் (நூல் குஞ்சப் பந்து) எதுவும் வேண்டாம். 3.17 செ.மீ. விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் விழும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்பதே இந்த வயதுப் பொம்மைகளுக்கான விதி. உடுப்பில் தைக்கும் பொத்தானுக்கும் அதே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். குரோஷா பொம்மைக்குக் "குழந்தைப் பாதுகாப்புக் கண்" என்று விற்கும் பிளாஸ்டிக் கண்ணும் இதில் அடங்கும். நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள். தொப்பியோடு தூங்கவைக்க வேண்டாம், ஹீட்டர் போட்ட வீட்டில் உடம்பு சூடேறிவிடும். சில்லிட்ட கையை வைத்துக் குளிரைக் கணிக்காதீர்கள். பிடரிக்குள் விரல் விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் சரி, ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றவேண்டும்.

அவனையும் சேர்த்துக்கொண்டு எதையாவது செய்யலாமா என்றால், ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு ஒட்டுத்தாளைச் சுவரில் அவன் உயரத்துக்கு மாட்டி, விரல் நீளத்துக்கு வெட்டிய மிச்ச நூல்களைக் கொடுங்கள். ஒட்டுவான், பிய்ப்பான், பக்கத்தில் நீங்கள் இருக்கவேண்டும். உப்பு மாவுப் பொம்மை இப்போது வேண்டாம். அதில் இருக்கும் உப்பின் அளவு, எல்லாவற்றையும் வாயில் போடும் வயதுக்கு ஆபத்து.

துவைப்பதில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வழி. அக்ரிலிக்கை டிரையரில் குறைந்த சூட்டில் போடலாம், ஆனால் மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தால் கண்ணி படிந்து தட்டையாகி, ரிப் இழுபடும் தன்மையை இழந்துவிடும், திரும்பாது. சூப்பர்வாஷ் நீண்டு தொங்கினால் பயப்படாதீர்கள். பாதி ஈரம் போகும்வரை டிரையரில் சுற்றவிட்டு, பிறகு துண்டின்மேல் தட்டையாகப் பரப்பிக் காயவைத்தால் அளவுக்குத் திரும்பும். சாதாரணக் கம்பளி என்றால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தேய்க்காமல், அதே சூட்டு நீரில் அலசி, துண்டில் சுருட்டி அழுத்துங்கள். பனியிலிருந்து வந்ததும் நனைந்த மிட்டனைச் சுவரடி மின் ஹீட்டரின் மேல் வைக்கும் பழக்கம் இங்குள்ள பல வீடுகளில் உண்டு. கம்பளியானாலும் அக்ரிலிக்கானாலும் அது தீ விபத்துக்கு வழி. கதவருகே ஒரு கொடி கட்டித் தொங்கவிடுங்கள், இரவுக்குள் காய்ந்துவிடும். காலையில் காயாவிட்டாலும் கையில் இன்னொரு ஜோடி இருக்கவேண்டும் என்பதால், ஸ்வெட்டருக்குப் போகும் முன் மிட்டனை இரண்டு ஜோடியாகப் பின்னி வைத்துக்கொள்ளுங்கள்.